ரத்தம் கெட்டுப்போச்சா? ஸ்ரீரங்கம் ஆரோக்கியசாலை முதல் சொரியாசிஸ் ரிப்போர்ட் வரை

1/
போன வருஷம் ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுறேன்.) பொண்ணுக்கு 26 வயசு. ஆறு வருஷமா முழங்கை, முழங்கால், தலைன்னு சொரியாசிஸ். கல்யாணம் பேசி முடிக்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டுல கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ரத்தம் சுத்தமா இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துக் கொடுத்துடுங்க."

2/
அம்மா கையில் ஒரு ஃபைல். எங்கேயோ "முழு உடல் பேக்கேஜ்" எடுத்திருந்தாங்க. சி.ஆர்.பி. 9, இ.எஸ்.ஆர். 34. ரெண்டும் தடித்த எழுத்துல. "பாத்தீங்களா டாக்டர், ரத்தம் கெட்டுப்போச்சுன்னு ரிப்போர்ட்லயே வந்துடுச்சு"ன்னு சொல்லி அழுதாங்க. பொண்ணு அழலை. ஜன்னல் பக்கம் பாத்துட்டு உக்காந்திருந்தா.

3/
ஓ.பி.யில் வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது இதற்கு முழுசாப் பதில் சொல்ல முடியாது. அன்னைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுறேன். "கெட்ட ரத்தம்" என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது, அது எப்படி "ரத்தக் குறியீடு" ஆச்சு, அந்த எண்கள் உண்மையில் என்ன சொல்லுது? நீளமான இழைதான். பொறுமையா வாசிங்க.

4/
கதையை அந்த அம்மாவின் ஊரிலேயே ஆரம்பிக்கலாம். ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதி பாத்திருப்பீங்க. பல பேர் கும்பிட்டுட்டு வேகமா நகர்ந்துடுவோம். ஆனால் அது ஒரு ஆஸ்பத்திரியின் மிச்சம். 13ஆம் நூற்றாண்டில், சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரிலிருந்து போசளர்கள் ஆண்ட காலத்தில், கோயிலுக்குள்ளேயே ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது.

5/
இடையில் பாழான அந்தச் சாலையை கருடவாகன பட்டர் என்ற மருத்துவர் திரும்ப எடுத்துக் கட்டி, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்று சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்திலேயே, 15 படுக்கைகளோடு ஆதுலசாலை நடந்திருக்கிறது. அங்கே இருந்த மருந்துகளின் பட்டியல்கூட கல்லில் இருக்கு.

6/
இப்போ ஒரு சின்ன விஷயம். தன்வந்திரி தியானத்தில் அவர் கைகளில் என்னென்ன இருப்பதாகச் சொல்வார்கள்? சங்கு, சக்கரம், அமிர்த கலசம்... நாலாவது? அட்டை. ஆமாம், ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி! சுசுருத சம்ஹிதையில் அட்டை விடும் முறைக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. தோல் நோய் என்றால் ரத்தம் கெட்டிருக்கு, கெட்டதை வெளியேற்று. இதுதான் கணக்கு.

7/
இதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடாதீங்க. கிரேக்க வைத்தியமும் இதேதான் சொன்னது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அட்டை வியாபாரம் அமோகமா நடந்தது. அந்த மருத்துவர்கள் கண்ணால் பாத்து ஊகித்ததில் பாதி சரி: தோலில் தெரியுற நோய்க்குக் காரணம் உடம்புக்கு உள்ளே இருக்கலாம். மீதிப் பாதி தப்பு: உள்ளே இருப்பது "அழுக்கு" இல்லை.

8/
அந்தத் தப்பான பாதிதான் மனுஷங்களைக் கொன்றது. ஆயுர்வேதத்தில் "குஷ்டம்" என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. 18 வகைத் தோல் நோய்களுக்கான பொதுப் பெயர். கிரேக்கத்தில் "லெப்ரா" என்றால் செதில் உதிரும் தோல். பிற்காலத்தில் இரண்டு சொல்லுமே தொழுநோயின் தலையில் போய் உக்காந்துடுச்சு. செதில் உதிர்ந்தவர்களும் அந்தச் சொல்லுக்குள்ளே மாட்டிக்கிட்டாங்க.

9/
லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் 1808 வாக்கில் சொரியாசிஸை ரொம்பத் துல்லியமா வர்ணித்தார். ஆனால் அதில் ஒரு வகைக்கு அவர் வைத்த பெயரிலும் "லெப்ரா" இருந்தது. 1841இல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ராதான் இந்த முடிச்சை அவிழ்த்து, இது தொழுநோயே இல்லை, சொரியாசிஸ் என்ற தனி நோய் என்றார். 1873இல் நார்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு குழப்பத்துக்கு இடமே இல்லை.

10/
புத்தகத்தில் குழப்பம் தீர்ந்தது. தெருவில் தீரலை. நம்ம நாட்டில் தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து நீக்கியதே 2019இல்தான். முழுசா குணமாகக்கூடிய தொழுநோய்க்கே அந்தக் கதி. சொரியாசிஸ் ஒட்டாதுன்னு தெரிஞ்சும் சலூனில் "அப்புறம் வாங்க"ன்னு சொல்றாங்க. அம்மா மண்டபத்துப் படித்துறையில் பக்கத்தில் குளிச்சவங்க தள்ளிப் போனாங்கன்னு ஒரு பெரியவர் என்கிட்ட சொல்லியிருக்கார்.

11/
சரி, ரத்தத்துக்கு வருவோம். ரத்தத்தை வெளியேற்றுவதை விட்டுட்டு, அதை வாசிக்க எப்போ கத்துக்கிட்டோம்? 1897இல் போலந்து மருத்துவர் பியர்னாட்ஸ்கி, நோயாளிகளின் ரத்தம் குழாயில் சீக்கிரம் படிவதைக் கவனித்தார். 1918 வாக்கில் சுவீடனில் ஃபோரேயஸ் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அதையே பார்த்தார். 1921இல் வெஸ்டர்கிரன் காசநோயாளிகளுக்கு இந்த அளவைப் பயன்படுத்தினார். அதுதான் இன்னைக்கும் நம்ம லேபில் எடுக்கிற இ.எஸ்.ஆர்.

12/
ஏன் சீக்கிரம் படியுது? உடம்பில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடும். சிவப்பணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒட்டிக்கும். அடுக்கு கனமாச்சுன்னா வேகமாக் கீழே இறங்கும். அவ்வளவுதான். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: சிவப்பணு குறைவாக இருந்தாலும், அதாவது ரத்தசோகை இருந்தாலும், இ.எஸ்.ஆர். ஏறும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

13/
அடுத்தது சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. நிமோனியாக் கிருமியின் "சி" என்ற பொருளோடு சேர்ந்து படிந்ததால் அந்தப் பெயர். இதைத் தயாரிப்பது கல்லீரல். எதிர்ப்பு அணுக்கள் ஐ.எல்.-6 என்ற தகவலை அனுப்பினால் கல்லீரல் சி.ஆர்.பி.யை அள்ளி விடும்.

14/
நெருப்பில்லாமல் புகையாதுன்னு சொல்வோமே, இந்த இரண்டு டெஸ்டும் அந்தப் புகைதான். எங்கேயோ எரியுதுன்னு சொல்லும். எந்த வீட்டில், எந்த அடுப்பில்னு சொல்லாது. தொண்டைப் புண், பல் சீழ், உடல் பருமன், மூட்டு வாதம், காசநோய்... எதுவா வேணாலும் இருக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களைக் கூட்டமாகச் சேர்த்து அளந்தால் சராசரி கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். ஆனால் தனி ஆளை எடுத்தால் உடம்பு முழுக்கப் படை இருப்பவருக்குக்கூட நார்மலா வரலாம்.

15/
அதனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன்: சொரியாசிஸ் இருக்கா இல்லையான்னு சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, சந்தேகம் இருந்தால் தோலில் சின்னதா ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் சொல்வோம். சொரியாசிஸ் மூட்டு வாதத்திலும் அப்படித்தான். ரூமட்டாய்ட் ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவா வரும். "நெகட்டிவ் வந்துடுச்சு, மூட்டில் ஒண்ணுமில்லை"ன்னு விட்டு விரல் கோணிப்போனவங்களைப் பாத்திருக்கேன்.

16/
அப்போ இது எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட நோய்ன்னு எப்படித் தெரிஞ்சுது? இதில் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்ச ஒருத்தர் இருக்கார். எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்னு சொல்வார்கள். பிறகு அமெரிக்கா.

17/
ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925இல் ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். உலகம் முழுக்க லேப்களில் "ஃபிஸ்க் சுப்பாராவ் முறை" என்ற பெயரிலேயே ஓடியது. ரத்தத்தை எண்ணாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் நம்ம மெட்ராஸ் மாணவரும் ஒருவர்!

18/
அதே காலத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. அந்த "ஏதோ ஒன்று" பின்னாளில் ஃபோலிக் ஆசிட் ஆனது. 1940களில் லெடர்லே நிறுவனத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு.

19/
ஃபோலிக் ஆசிடைச் செய்த அதே குழு, அதைத் தடுக்கும் மருந்தையும் செய்தது: அமினோப்டெரின். 1948இல் சிட்னி ஃபார்பர் அதைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து வரலாறு படைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில். 1951இல் கப்னர் என்ற மருத்துவர் மூட்டு வாதத்துக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. சொரியாசிஸ் படை மறைய ஆரம்பித்தது.

20/
அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1958 முதல் சொரியாசிஸுக்குக் கொடுக்கிறோம். இன்னைக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற மாத்திரை. கூடவே நாங்கள் எழுதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சுப்பாராவ் குழு செய்ததுதான். பிரச்சினையும் அவர் கையில், பரிகாரமும் அவர் கையில். திருச்சியில் ஆயிரம் பேர் சாப்பிடுறாங்கன்னா, அவர் பெயர் தெரிஞ்சவங்க பத்துப் பேர் இருப்பாங்களா?

21/
இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. கடையில் "இது கேன்சர் மாத்திரையாச்சே"ன்னு சொல்லிப் பயமுறுத்துவாங்க. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேற, இது வேற. ஆனால் மெத்தோட்ரெக்சேட் *வாரம் ஒரு நாள்* மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிரே போகலாம். எந்தக் கிழமைன்னு சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க. கர்ப்பமா இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் தொடவே கூடாது. ஆண்களும் டாக்டரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

22/
ஆனால் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ததற்கு அப்போ சொன்ன விளக்கம் வேற. மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். சொரியாசிஸில் சில நாளிலேயே செல்கள் மேலே வந்து செதிலாகக் கொட்டும். "தோல் செல் வேகமா வளருது, மருந்து வளர்ச்சியைத் தடுக்குது"ன்னு நினைத்தார்கள். தோலே குற்றவாளி என்று தீர்ப்பு.

23/
1979இல் அந்தத் தீர்ப்பில் ஓட்டை விழுந்தது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை மூட்டு வாதத்துக்குக் கொடுத்தபோது, சொரியாசிஸ் மடமடவென்று மறைந்தது. அந்த மருந்து குறிவைப்பது டி அணுக்களை. 1995இல் நியூயார்க்கில் இன்னொரு சோதனை: தூண்டப்பட்ட டி அணுக்களை மட்டும் தாக்குகிற மருந்து. தோல் செல்லைத் தொடவே இல்லை. ஆனாலும் படை குறைந்தது.

24/
ஆக, தோல் குற்றவாளி இல்லை. அது அடி வாங்குகிற இடம். காவலுக்கு நிற்கும் எதிர்ப்பு அணுக்கள் சொந்த வீட்டுக்காரரையே திருடன்னு நினைச்சு அடிக்குது. அவை ஒண்ணுக்கொண்ணு பேசிக்கொள்ளும் மொழிதான் டி.என்.எஃப்., ஐ.எல்.-23, ஐ.எல்.-17. இந்தப் பேச்சை இடையில் வெட்டும் ஊசிகள் வரிசையாக வந்தன. 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் சோதனை, 2009இல் உஸ்டெகினுமாப், 2015இல் செகுகினுமாப். பெங்களூரு பயோகான், கியூபா ஆய்வு மையத்தோடு சேர்ந்து கொண்டுவந்த இடோலிசுமாப் 2013இல் இங்கேயே அனுமதி பெற்றது.

25/
எனக்குப் பிடித்த கதை ஒண்ணு. 1997இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் சொரியாசிஸ் நோயாளிகள் உதிர்த்த செதில்களைச் சேகரித்தார்கள். நாம் "அசிங்கம்"னு பெருக்கித் தள்ளும் அதே செதில். அதிலிருந்து பீட்டா டிஃபென்சின்-2 என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மனிதத் தோல் தானே தயாரிக்கும் ஆன்டிபயாடிக்! அவ்வளவு வெடிப்பு இருந்தும் சொரியாசிஸ் படை சுலபத்தில் சீழ் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

26/
இந்தப் புரதம் ரத்தத்திலும் கூடும். ஐ.எல்.-17ஐத் தடுக்கும் ஊசி போட்டால் இறங்கும். நோயின் தீவிரத்தோடு கூடவே போகும் ரத்தக் குறியீடு ஒன்று இருக்குன்னா அதில் இதைச் சொல்லலாம். ஆனால் இப்போதைக்கு ஆராய்ச்சிக்கூடத்தில்தான். உங்க தெரு முனை லேபில் "சொரியாசிஸ் இம்யூன் புரொஃபைல்"னு யாராவது பெரிய தொகை கேட்டால், பர்ஸை மூடி உள்ளே வச்சுடுங்க.

27/
அப்போ ரத்தப் பரிசோதனையே வேண்டாமா? வேணும், வேற காரணத்துக்கு. மெத்தோட்ரெக்சேட்டுக்கு முன்னாலும் நடுவிலும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம். ஊசி மருந்துக்கு முன்னால் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ்கள். 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் போட்ட 70 பேருக்குக் காசநோய் வந்த அறிக்கை உலகத்தையே உலுக்கியது. காசநோய் இவ்வளவு இருக்கும் நம்ம நாட்டில் இதில் சமரசமே கூடாது.

28/
இன்னொண்ணு, சர்க்கரையும் கொழுப்பும். 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, தீவிர சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, அதுவும் இளம் வயதில், மாரடைப்பு அபாயம் கூடுதல் என்று காட்டியது. தோலில் எரியும் நெருப்பின் சூடு ரத்தக்குழாய் வரை போகுது. முழங்கைப் படையை மட்டும் பாத்துட்டு, பி.பி. பார்க்காமல் அனுப்பினால் அது பாதி வைத்தியம்.

29/
சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் ஊதா நிறத்தில் இறங்கும் தைலம், பலருக்கு வறட்சியைக் குறைக்குது. அதில் எனக்குச் சண்டை இல்லை. பெயர் தெரியாத பொடியை "ரத்தசுத்தி"ன்னு விற்பவர்களோடுதான் சண்டை. அதில் கன உலோகமோ ஸ்டீராய்டோ கலந்திருந்தால், ஸ்டீராய்டை நிறுத்திய உடனே உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமா வந்து புத்தூர் பெரியாஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும்.

30/
இப்போ அந்தப் பொண்ணு. அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.4. அதுவும் தடித்த எழுத்துதான். ஆனால் அதைப் பத்தி யாரும் பேசலை. இ.எஸ்.ஆர். ஏறினதுக்கு அதுவே போதுமான காரணம். சி.ஆர்.பி. 9? படையாலும் இருக்கலாம், முந்தின வாரம் வந்த தொண்டைப் புண்ணாலும் இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். கல்யாணப் பேச்சு நடப்பதால் மெத்தோட்ரெக்சேட் தொடாமல், களிம்பும் புற ஊதாக் கதிர் சிகிச்சையும்.

31/
மூணு மாசம் கழிச்சு வந்தாங்க. ஹீமோகுளோபின் 11.8, இ.எஸ்.ஆர். 16, சி.ஆர்.பி. நார்மல். தடித்த எழுத்தே இல்லாத ரிப்போர்ட். முழங்கையில் படை? கொஞ்சம் மெலிஞ்சிருந்தது, ஆனா போகலை. அம்மா ஒரு நிமிஷம் காகிதத்தைப் பாத்தாங்க, ஒரு நிமிஷம் மகள் கையைப் பாத்தாங்க. "அப்போ ரத்தத்துல இல்லையா டாக்டர்?" "ரத்தத்துல அழுக்கு எப்பவுமே இல்லைம்மா. சேதிதான் இருந்துச்சு. சோகைன்னு சொல்லிச்சு, நாமதான் கேக்கலை."

32/
மாப்பிள்ளை வீட்டுக்கு லெட்டர் கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன். சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. தொழுநோய் அல்ல. 2014இல் உலக சுகாதார சபையே இது தொற்றாத நோய் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. குடும்பத்தில் வர வாய்ப்பு சற்றுக் கூடுதல், ஆனால் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. கல்யாணத்துக்கோ குழந்தைப் பேறுக்கோ தடை இல்லை. "ரத்தம் சுத்தம்" என்று மட்டும் எழுத மாட்டேன்னு சொன்னேன். அப்படி எழுதினால், இன்னொருத்தர் ரத்தம் அசுத்தம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

33/
அதுவரைக்கும் பேசாமல் இருந்த பொண்ணு அப்போதான் வாயைத் திறந்தா: "அவங்க வீட்டு ரிப்போர்ட்டையும் ஒண்ணு கேக்கலாமா டாக்டர்?" அம்மா முறைச்சாங்க. நான் சிரிச்சுட்டேன். அந்தக் கல்யாணம் என்ன ஆச்சுங்கறதைச் சொல்ல வேண்டியது அவங்க, நான் இல்லை.

34/
அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போனால் தன்வந்திரி சந்நிதியில் ஒரு நிமிஷம் நில்லுங்க. நோயாளியைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தாமல், உள்ளேயே இடம் கொடுத்து மருந்து கொடுத்த ஊர் அது. மருத்துவம் அதுக்கப்புறம் ரொம்ப தூரம் வந்துடுச்சு. சொரியாசிஸ்காரங்க பக்கத்தில் உக்கார்றது, கை குலுக்குறது, ஒரே பந்தியில் சாப்பிடுறது, இதுக்கு எந்த டெஸ்ட்டும் தேவையில்லை.

உங்க வீட்டில் யாருக்காவது இருந்தால் இதை அவங்களுக்கு அனுப்புங்க. சம்பந்தம் பேசுறவங்களுக்கும் சேர்த்து.